ரேம் வாங்கும் முன் சேனலை எண்ணுங்கள்

இரண்டு பிராசசர் கொண்ட பெரிய சர்வருக்கு ரேம் கூட்டுகிறவர்கள் ஜிபி கணக்கை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மொத்த அளவு சரியாகத்தான் காட்டும். டேட்டாபேஸ் மட்டும் தவழும். அப்போது ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை, அதைச் செருகிய இடத்தைப் பாருங்கள்.

மின்கம்பிகள் எல்லாவற்றையும் பிடுங்குவது, ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டுவது, மேல்மூடியைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை.

சிக்கல் இனிமேல்தான். இன்டெலின் 2021ஆம் ஆண்டு ஐஸ் லேக் ஜியானை எடுத்துக்கொள்வோம். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பிராசசருக்கும் எட்டு சேனல், ஒரு சேனலுக்கு இரண்டு ஸ்லாட் வரை. டிடிஆர்4-3200 ரேம் போட்ட சேனல் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும், எட்டும் நிறைந்தால் 204.8. நான்கில் மட்டும் போட்டால் சரிபாதி, 102.4. ரேமின் கொள்ளளவு எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது.

512 ஜிபி வேண்டுமா? 64 ஜிபியில் எட்டு வாங்கினால் பாதி சேனல்கள் சும்மா கிடக்கும். 16 ஜிபியில் முப்பத்திரண்டு வாங்கினால் ஸ்லாட் எல்லாம் நிரம்பி, நாளைக்குக் கூட்ட இடமிருக்காது. 32 ஜிபியில் பதினாறு வாங்குங்கள்.

384 ஜிபியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முந்தைய காஸ்கேட் லேக்கில் பிராசசருக்கு ஆறு சேனல், ஆகவே 32 ஜிபியில் பன்னிரண்டு அங்கே கச்சிதம். அதே பழக்கத்தில் ஐஸ் லேக்கிலும் பன்னிரண்டு போட்டால் பிராசசருக்கு இரண்டு சேனல் வீண். ஏஎம்டியின் 2022ஆம் ஆண்டு ஜெனோவாவிலோ பன்னிரண்டு சேனல். பிராசசர் மாடல் தெரியாமல் ரேம் விலை விசாரிக்காதீர்கள்.

இரு பிராசசருக்கும் சமமாகப் பிரியுங்கள். இரண்டாவது பிராசசர் இல்லாவிட்டால் அதன் ஸ்லாட்டுகளும் வேலை செய்யா. எல்லா ரேமையும் முதலாவதன் பக்கமே குவித்தால், இரண்டாவது ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்.

எந்த ஸ்லாட் முதலில் என்பது மூடியின் உட்புறப் படத்தில் இருக்கும், ஊகிக்க வேண்டாம். ஆர்டிம், எல்ஆர்டிம் இரண்டையும் கலக்கக் கூடாது. வேகம் வேறுபட்டால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். அளவு வேறுபட்டவற்றைக் கலக்கச் சில கையேடுகள் அனுமதிக்கின்றன. நான் அனுமதிப்பதில்லை: பார்ட் நம்பர் ஒன்றாகவே இருக்கட்டும்.

இரு முனையையும் சமமாக அழுத்துங்கள், கொக்கிகள் தானே பூட்டிக்கொள்ளும். புது ரேமுடன் முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடம் இருண்டே இருக்கலாம். சேனல்களைச் சோதித்துச் சீராக்கும் நேரம் அது. பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

பயாஸில் நோட் இன்டர்லீவிங்கை அணைத்தே வையுங்கள். லினக்ஸில் மொத்த அளவைப் பார்த்துத் திருப்தி அடையாமல் நியூமாசிடிஎல் கட்டளையை --hardware என்று சேர்த்துக் கொடுங்கள். இரு நோடுக்கும், அதாவது இரு பிராசசரின் பக்கத்துக்கும், ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். டிஎம்ஐடிகோட், ஸ்லாட் ஒவ்வொன்றும் உண்மையில் ஓடும் வேகத்தைச் சொல்லும். இரண்டில் எது பொருந்தாவிட்டாலும் சர்வரைப் பயன்பாட்டுக்குக் கொடுக்காதீர்கள், மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள்.