சட்டியின் துளையை அடைப்பதா, விடுவதா?



போன மாதம் நாங்கள் மேல் லயத்துக்குப் போயிருந்தபோது ஒரு அக்கா புதுக் கறிச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, வாங்கி ஒரு கிழமைகூட ஆகல்ல. அடியில தண்ணி கசியுது. கதவுக்குப் பூசின வார்னிஷ் கொஞ்சம் மிச்சம் இருக்கு. உள்ளுக்குப் பூசிட்டா நிக்குமா?" என்று கேட்டார். "பூசவே வேணாம் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தோம். கொழுந்து நிறுக்கும் நேரம் என்பதால் காரணத்தை நின்று விளக்க முடியவில்லை. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

மண்ணுக்குள் இருக்கும் துளைகள்

களிமண்ணை வனைந்து, காய வைத்து, சூளையில் சுடுகிறார்கள். ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தைத் தாண்டும்போது களிமண்ணோடு ஒட்டியிருந்த நீர் முழுதும் போய்விடும். அதன் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் அது திரும்பக் களியாகாது. ஆனால் நமது சட்டி பானைகள் பீங்கானைப் போல 1200 பாகைக்கு மேல் சுடப்படுவதில்லை. அதனால் மண் துகள்கள் முற்றாக உருகி ஒன்று சேராது. இடையிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரமாயிரம் நிற்கும். செங்கல்லும் ஓடும் இதே சாதிதான்.

புதுச் சட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். சிறு சிறு குமிழிகள் மேலே வரும். துளைக்குள் இருந்த காற்று வெளியேறி, தண்ணீர் உள்ளே போகிறது. ஆகவே உங்கள் சட்டி கசிவது எப்போதும் குயவரின் பிழையல்ல. அது மண்ணின் குணம். அந்தத் துளை என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் அதை அடைப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர்ப் பானை: அடைக்க வேண்டாம்

எங்கள் ஊர் இறக்காமம். கல்முனைக் கரையிலிருந்து சற்று உள்ளே, குளமும் வயலுமாக இருக்கும் ஊர். அங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பெல்லாம் வறண்டுபோகும். அந்த நாட்களில் உம்மா தண்ணீர்ப் பானையைக் காற்றுப்படும் மூலையில் மணல் மேல் வைப்பார். பானையின் வெளிப்புறம் எப்போதும் வியர்த்தே இருக்கும். வயலில் இருந்து வரும் வாப்பாவுக்கு அந்தத் தண்ணீர் ஐஸ் போட்டது போல இருக்கும்.

காரணம் எளிது. துளை வழியாக வெளியே வந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பானைக்கு அழகு பார்த்து எனாமல் பெயின்ட் பூசினால் வியர்வை நின்றுவிடும். தண்ணீரும் குளிராது.

இங்கே மலையில் மூடுபனியும் ஈரக் காற்றும். நீர் ஆவியாவது குறைவு. ஆகவே பானை குளிர்வதும் குறைவு, வெளிப்புறத்தில் பாசி பிடிப்பது அதிகம். அதற்கும் பெயின்ட் மருந்தல்ல. பானையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் காற்றோட்டமாக வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை காலி செய்து, தேங்காய்த் தும்பால் தேய்த்து, வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்தபின் தட்டித் துடைத்தால் போகும்.

கறிச்சட்டி: சாப்பாட்டாலேயே அடையுங்கள்

கறிச்சட்டியின் துளையை அடைக்கத்தான் வேண்டும். எதனால் அடைப்பது என்பதே கேள்வி. வார்னிஷும் பெயின்டும் அடுப்புச் சூட்டில் உரிந்து கறியோடு கலந்து வயிற்றுக்குள் போகும். நமது பெரியவர்கள் அரிசிக் கஞ்சியால் அடைத்தார்கள். கஞ்சியில் உள்ள மாப்பொருள் சூட்டில் ஊதிப் பசையாகும். அந்தப் பசை துளைக்குள் போய் இறுகிவிடும். உம்மா செய்யும் முறை இதுதான்:

1. புதுச் சட்டியை ஒரு பகல், ஓர் இரவு தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். குமிழி நின்றுவிட வேண்டும்.
2. எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள்.
3. முக்கால் பாகம் வடிகஞ்சி அல்லது அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, சிறு நெருப்பில் அரை மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். அப்படியே ஆறவிட்டுக் கொட்டுங்கள்.
4. மறுநாள் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டு, சிவக்கும்வரை மெதுவாக வறுத்துக் கொட்டுங்கள்.
5. இன்னும் கசிந்தால் மூன்றாவது, நான்காவது வேலைகளைத் திரும்பவும் செய்யுங்கள்.

அதன்பின் புளிக்குழம்பு வைக்கலாம், மீன் ஆக்கலாம். சமைக்கச் சமைக்கச் சட்டி தானாகவே பழகும்.

இரண்டு எச்சரிக்கை. சட்டிக்குச் சவர்க்காரம் போடாதீர்கள். துளைக்குள் போன சவர்க்காரம் அடுத்த கறியில் வெளியே வரும். சாம்பலும் தும்பும் போதும். மற்றது, நனைந்த சட்டியைப் பெரு நெருப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1600 மடங்கு விரியும். துளைக்குள் இருந்து வெளியேற வழி கிடைக்காவிட்டால் சட்டியைப் பிளந்துவிடும்.

வடிகட்டிப் பானை: துளையே மருந்து

குடிநீர் வடிகட்டும் மண்பானையும் உண்டு. இதை 1981ஆம் ஆண்டு குவாத்தமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் உருவாக்கினார். களிமண்ணோடு மரத்தூள் அல்லது உமியைக் கலந்து சுடுவார்கள். தூள் எரிந்துபோன இடத்தில் நுண்ணிய துளைகள் நிற்கும். தண்ணீர் போகும், கிருமிகளில் பெரும்பகுதி தங்கிவிடும். கிருமியை அடக்க வெள்ளி கலந்த நீரையும் பூசுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இவ்வகைப் பானைகள் கொடுக்கப்பட்டன.

இப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், தண்ணீர் சொட்டுவது மெதுவாகும்போது மென்மையான தூரிகையால் சுத்தமான நீரில் தேய்த்தால் போதும். சவர்க்காரம் கூடாது. வெடிப்பு விழுந்தால் சீமெந்து வைத்து ஒட்டாதீர்கள். அது வெடித்த நாளிலிருந்து வடிகட்டி அல்ல, வெறும் பானை.

மினுக்கும் சட்டி

"அப்ப மினுமினுன்னு வர்ற சட்டிய வாங்கினா வேலை முடிஞ்சிதே" என்பீர்கள். அந்த மினுக்கம் சூளையில் உருகிய கண்ணாடிப் படலம். நல்ல சூட்டில் சுட்ட பீங்கானில் அது உறுதியானது. ஆனால் குறைந்த சூட்டிலேயே உருக வேண்டும் என்பதற்காகச் சில நாடுகளில் ஈயம் சேர்க்கிறார்கள். மெக்சிகோவில் இப்படிப்பட்ட சட்டிகளில் சமைத்த குடும்பங்களில் இரத்தத்தில் ஈயம் ஏறியது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டது. புளி, தேசிக்காய், கொறுக்காய் போன்ற புளிப்புகள் ஈயத்தைக் கரைத்து எடுக்கும். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையைத் தாக்கும். இவ்வளவு ஈயம் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, உள்ளே வர்ணம் பூசிய சட்டியை அலங்காரத்துக்கு வையுங்கள். அதில் பிள்ளைக்குச் சோறு போடாதீர்கள்.

நாங்கள் விட்ட பிழை

இதையெல்லாம் சொல்லும் நாங்களும் ஒருமுறை பிழை விட்டோம். முன்பு வேலை பார்த்த இடத்தில் பிள்ளைக்காம்பராவின் செங்கல் சுவர் ஓதம் ஏறிக் கறுத்திருந்தது. மிச்சம் கிடந்த எனாமல் பெயின்ட்டை இடுப்பளவுக்குப் பூசச் சொன்னோம். ஒரு மாதம் பளபளவென்று இருந்தது. மழைக்காலம் வந்ததும் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. ஒருநாள் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்தச் சிராயை எடுத்து வாயில் வைத்திருந்ததைக் கண்டோம். அந்த பெயின்ட்டில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. விரலை விட்டு வெளியே எடுத்தோம். அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது என்ன? நிலத்து ஈரம் செங்கல் துளை வழியாக மேலே ஏறுகிறது. அது சுவரின் முகத்தால் ஆவியாக வேண்டும். முகத்தை அடைத்தோம். ஈரமும் அதில் கரைந்த உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டன. உப்புப் படிகமாகி வளர்ந்து பெயின்ட்டையும் பூச்சையும் தள்ளிவிட்டது.

பிறகு பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றி, சுவரை நனைத்து, தூசி பறக்காமல் சுரண்டினோம். நீற்றுச் சுண்ணாம்பை ஓரிரவு ஊறவைத்து வடித்து, மெல்லியதாக மூன்று தடவை பூசினோம். சுண்ணாம்பு சுவரைக் காக்கும், மூச்சையும் விடும். கண்ணில் பட்டால் மட்டும் ஆபத்து, கவனம். வெளியே சுவரடியில் தேங்கிய தண்ணீருக்குக் காணும் வெட்டினோம். உண்மையில் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

நினைவில் வைப்போம்

தண்ணீர்ப் பானையின் துளையைத் திறந்து விடுவோம். கறிச்சட்டியின் துளையைக் கஞ்சியால் அடைப்போம். வடிகட்டியின் துளைக்குச் சவர்க்காரம் காட்டாதிருப்போம். ஓதச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோம். வார்னிஷ் கதவோடு நிற்கட்டும்.

மேல் லயத்து அக்காவுக்குக் கஞ்சி முறையைச் சொல்லி அனுப்பினோம். இந்தக் கிழமை பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, ரெண்டு தரம் கஞ்சி குடிச்சிச்சு. இப்ப கசியல்ல."