பூட்டாத வாயில்

நாம் வாழும் அடுக்ககங்கள் பலவற்றில் முதன்மை வாயிலைத் தவிர மற்றொரு வாயிலும் உண்டு. தீ முதலிய இடர் நேரும்போது மக்கள் விரைந்து வெளியேறவும், தீயணைப்பு வண்டி உள்ளே வரவும் அது அமைக்கப்படுகிறது. அதனை அவசரகால வாயில் என்பர்.

இவ்வாயில் இருவகையில் தவறாகப் பயன்படுகிறது. சந்தைக்குச் செல்லும் குறுக்குவழியாக அதனைச் சிலர் ஆக்கிக்கொள்கின்றனர். அதனால் கதவு நாள் முழுதும் திறந்து கிடக்கிறது. அயலார் எளிதில் நுழைகின்றனர். வேறு சிலர் அதன்முன் இருசக்கர வண்டிகளை நிறுத்துகின்றனர். பழைய பொருள்களைக் குவிக்கின்றனர். இவற்றைக் கண்டு சலித்த குடியிருப்போர், இறுதியில் ஒரு பூட்டை வாங்கி மாட்டிவிடுகின்றனர். திருட்டு அச்சம் நீங்குகிறது. அதைவிடப் பெரிய இடர் உள்ளே குடிபுகுகிறது.

தீ நமக்குத் தொலைவில் உள்ளதன்று. 2025 ஜூன் மாதத்தில் நம் கிடர்பூர்ச் சந்தையில் நள்ளிரவில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. அதற்கு முன்னர், 2010 மார்ச் 23 அன்று, இதே கொல்கத்தாவின் பார்க் தெருவில் உள்ள ஸ்டீபன் கோர்ட் என்னும் பழைய கட்டடத்தில் தீப்பற்றியது. வீடுகளும் அலுவலகங்களும் நிறைந்த கட்டடம் அது. புகை சூழ்ந்ததால் கீழே இறங்க இயலாதவர்கள் மொட்டைமாடியை நோக்கி ஓடினர். அங்குச் செல்லும் கதவோ பூட்டப்பட்டிருந்தது. பலர் படிக்கட்டிலேயே உயிரிழந்தனர். அவ்விபத்தில் மாண்டோர் 43 பேர்.

தீ இல்லாத இடத்திலும் அடைத்த கதவு உயிரைப் பறிக்கும். 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா அரங்கில் நடந்த காட்சியின் முடிவில் பரிசு பெறச் சிறுவர்கள் படிகளில் விரைந்து இறங்கினர். கீழே இருந்த கதவு, ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. நெரிசலில் 183 குழந்தைகள் இறந்தனர். இத்துயருக்குப் பின்னரே, உட்புறம் உள்ள குறுக்குக் கம்பியை அழுத்தியவுடன் திறக்கும் கதவு உருவாயிற்று. இன்று திரையரங்குகளில் அத்தகைய கதவை நீங்கள் காணலாம்.

வெளியேறும் கதவு உள்ளிருப்போர்க்குத் திறவுகோலின்றியே திறக்கவேண்டும் என்பது இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. உயர்ந்த கட்டடங்களுக்குத் தீயணைப்பு வண்டி நுழையும் வாயில் 6 மீட்டருக்குக் குறையாத அகலம் உடையதாய் இருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

அவ்வாறாயின் குறுக்குவழியாகப் பயன்படுத்துவோரை எவ்வாறு தடுப்பது? ஆள் செல்லும் கதவு வெளியிலிருந்து திறவாமலும், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படியும் அமையட்டும். திறந்தவுடன் மணி ஒலிக்கட்டும். காரணமின்றித் திறப்பவர் தாமே நாணுவார். உயிர் காக்க ஓடுபவருக்கோ தடை இராது. வண்டி நுழையும் பெரிய வாயிலின் திறவுகோல் இரவும் பகலும் காவலரிடமே இருக்கட்டும். வாயில்முன் தரையில் மஞ்சள் கோடிட்டு, அங்கே வண்டி நிறுத்துவோரிடம் தண்டத்தொகை பெறச் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யலாம்.

ஒரு வாயிலைக் காப்பது என்பது அதனை அடைத்துவைப்பதன்று. வேண்டும் நொடியில் அது திறக்குமாறு பார்த்துக்கொள்வதேயாகும்.

அருஞ்சொற்பொருள்
இடர் – துன்பம், ஆபத்து
திறவுகோல் – சாவி
மாண்டோர் – இறந்தவர்கள்
நாணுவார் – வெட்கப்படுவார்
தண்டத்தொகை – அபராதம்

பயிற்சி
1. அவசரகால வாயில் தவறாகப் பயன்படும் இருவகைகள் யாவை?
2. ஸ்டீபன் கோர்ட்டிலும் விக்டோரியா அரங்கிலும் நேர்ந்த துயரங்களுக்குப் பொதுவான காரணத்தை எழுதுக.
3. பிரித்து எழுதுக: இவ்வாயில், படிக்கட்டிலேயே, அவ்விபத்தில்.
4. எதிர்ச்சொல் தருக: உள்ளே, உயர்ந்த, எளிது.
5. செயல்பாடு: பெற்றோருடன் உங்கள் குடியிருப்பின் மாடிக் கதவையும் அவசரகால வாயிலையும் பார்த்து வருக. கண்ட குறைகளைக் குறிப்பிட்டு, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளருக்குப் பணிவான கடிதம் ஒன்று எழுதுக.