உப்புநீர் மீன்வளர்ப்பும் பிளாஸ்டிக் கலன் தேர்வும்

பெங்களூர் நகரம் கடற்கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால் அமைந்துள்ளது. எனவே, அல்சூர் போன்ற பகுதியில் கடல்மீன்களை வளர்க்க முற்படுவோர் கடல்நீரைத் தாமே தயாரித்தல் வேண்டும். ஒரு லிட்டர் நன்னீருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடலுப்பு தேவைப்படும். உப்புநீரில் இரும்பு துருப்பிடிக்குமாதலின், இக்கலவை பிளாஸ்டிக் கலனிலேயே செய்யப்படுகிறது. அக்கலனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் இன்றியமையாதது.

நீரின் கேட்டினை முதலில் உணர்வன மீன்களே. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்ததை அப்பகுதி மக்கள் அறிவர். பரந்த ஏரிக்கே இந்நிலையெனில், நூறு லிட்டர் தொட்டியில் நச்சு நீர்த்துப்போக வழியே இல்லை. மிகச் சிறிதளவு செம்பும் பவளங்களுக்கும் இறால்களுக்கும் கேடு விளைவிக்கும்.

எண் கூறுவதும் கூறாததும்

கலனின் அடியில் முக்கோணத்தினுள் காணப்படும் 1 முதல் 7 வரையிலான எண், 1988-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 2 என்பது அடர்மிகு பாலிஎதிலீன். 5 என்பது பாலிப்ரொப்பிலீன். இவ்விரண்டும் உப்புநீருக்கு ஏற்றவை. ஆயின், எண் மூலப்பொருளை மட்டுமே குறிக்கும். சேர்க்கப்பட்ட நிறமிகளையோ, நிலைப்படுத்திகளையோ, கலனின் முன்பயன்பாட்டையோ குறிப்பதில்லை. ஆகவே எண்ணைக் காப்புறுதியாகக் கொள்ளுதல் தவறாகும்.

தேர்வு நெறிகள்

முதலாவதாக, உணவுப் பொருளுக்கெனத் தயாரிக்கப்பட்ட புதிய கலனையே வாங்குதல் நன்று. உணவுடன் தொடர்புறும் பாலிஎதிலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிப்ரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910 என்னும் இந்தியத் தரங்கள் உள்ளன. இரண்டாவதாக, பூச்சிமருந்தோ அமிலமோ அடைத்திருந்த பழைய பீப்பாய்கள் எத்துணை கழுவப்பட்டிருப்பினும் விலக்கத்தக்கன. மூன்றாவதாக, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்காலான கருநிற வாளிகளையும் மென்மையான பி.வி.சி. பொருள்களையும் தவிர்க்க வேண்டும். நான்காவதாக, வாளியின் துத்தநாகப் பூச்சுக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். அதன்மீது வழியும் உப்புநீர் துத்தநாகத்தைக் கரைத்து உள்ளே சேர்க்கும். ஐந்தாவதாக, நூறு லிட்டர் கடல்நீரின் எடை 102 கிலோகிராமுக்கு மேற்படுமாதலால், பக்கங்கள் பிதுங்காத கலனே வேண்டும்.

ஒரு வாரம் உப்புநீர் நிரப்பி வைத்து, வாடையும் நிறமாற்றமும் உண்டாவெனக் காணலாம். எனினும், கரைந்த உலோகம் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலனாகாது.

மலிவான கலனால் மிச்சமாகும் தொகை சிறிது; அதனால் இழக்க நேரும் உயிர்களின் விலை பெரிது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறிய இயலாத சந்தையில், தரக்குறியீடே அவ்விடைவெளியை ஓரளவேனும் நிரப்புகிறது. அதனைக் கேட்டு வாங்கும் பழக்கம் மீன்தொட்டிக்கு மட்டுமன்று, வீட்டின் குடிநீர்க் குடத்திற்கும் பொருந்துவதாகும்.