நம் கண்ணே அளவுகோலா?

நடுவு நிலைமை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் நீதிபதிகளே. வழக்கு மன்றத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர்க்கு மட்டும் உரிய பண்பு அது என்று எண்ணி நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், வள்ளுவர் அவ்வாறு எண்ணவில்லை. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தை அவர் அரசனுக்குரிய பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் இல்லறத்தானுக்கு உரியதாக வைத்தார். விருந்தோம்பலும் இனியவை கூறலும் வரும் வரிசையிலேயே இதுவும் வருகிறது. அன்றாட வாழ்க்கை நடத்தும் எளிய மனிதனுக்கும் இது வேண்டும் என்பது அந்த வைப்பு முறையிலிருந்தே புலனாகின்றது.

மாணவராகிய நாமும் நாள்தோறும் தீர்ப்புக் கூறிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் யாரைத் துணையாகச் சேர்ப்பது, மன்றத்து நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் கொடுப்பது, அறையில் பணம் காணாமற்போனால் முதலில் யாரை ஐயுறுவது: இவை யாவும் தீர்ப்புகளே. இவற்றுக்கு மேல்முறையீடு இல்லை. அதனால் நம் பொறுப்பு மிகுதியே தவிரக் குறைவன்று.

விருப்பு வெறுப்பு உள்ளவன் தீயவன் என்று கருதுவது எளிது. தீய எண்ணம் சிறிதும் இல்லாத இடத்திலும் ஓரம் சாய்தல் நிகழும் என்பதை விளக்க, வானியல் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவராக இருந்தவர் மாஸ்கலின். அவருடைய உதவியாளர் கின்னபுரூக். தொலைநோக்கியினுள் கட்டிய மெல்லிய இழையை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தைக் குறிப்பது அவர்கள் பணி. கண் விண்மீனைப் பார்க்கும்; காது கடிகாரத்தின் ஒலியை எண்ணும்; நொடியின் பத்தில் ஒரு பங்கு வரையில் மனம் மதிப்பிடும். உதவியாளர் குறித்த நேரம் தலைவர் குறித்த நேரத்துக்குப் பிந்தியே வந்தது. வேற்றுமை பத்தில் எட்டுப் பங்கு நொடி வரை வளர்ந்தது. உதவியாளரின் முறை கெட்டுவிட்டது என்று முடிவு செய்த மாஸ்கலின், 1796இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், ஜெர்மானிய வானியலறிஞர் பெசல் இச்செய்தியைப் படித்து வேறொரு கேள்வி கேட்டார். ‘உதவியாளர் தவறினாரா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘தேர்ந்த வானியலார் இருவர் ஒரே விண்மீனைப் பார்த்தால் ஒரே நேரத்தைக் குறிப்பார்களா?’ என்று கேட்டார். தம் அளவுகளை மற்றவர் அளவுகளோடு ஒப்பிட்டார். தேர்ந்தவரிடையேயும் ஒரு நொடிக்கு மேற்பட்ட வேற்றுமை இருக்கக் கண்டார். ஒவ்வொருவர் கண்ணுக்கும் காதுக்கும் உரிய தனிப்போக்கு அது. ‘பர்சனல் ஈக்வேஷன்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஆளுக்கு ஆள் மாறும் பிழை எனலாம்.

மாஸ்கலின் வஞ்சகர் அல்லர், நேர்மையானவர், தம் தொழிலில் வல்லவர். பிறகு எங்கே நேர்ந்தது குறை? இரண்டு அளவுகள் வேறுபட்டபோது, தம்முடையதே சரியானது என்பதை அவர் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டார். தம் கண்ணையே அளவுகோலாக்கினார். அதன் விலையை இன்னொருவர் தம் பிழைப்பைக் கொண்டு கொடுத்தார்.

நம்மிடம் இந்தக் குறை இல்லையா? விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தவர் எல்லாரையும் ஒரே பெயரால் ‘மதராசி’ என்று இங்குள்ளவர் சிலர் அழைக்கும்போது நமக்குச் சினம் வருகிறது. கன்னடம் வேறு, மலையாளம் வேறு, தமிழ் வேறு என்று விளக்குகிறோம். அதே நாவால், பீகாரில் பிறந்தவரையும் பஞ்சாபில் பிறந்தவரையும் ‘வடக்கத்தியான்’ என்னும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். அவர்கள் கண்ணில் உள்ள கோணல் தெரிகிறது. நம் கண்ணில் உள்ளது தெரியவில்லை.

நல்லெண்ணம் ஒன்றே இக்கோணலை நிமிர்த்தாது. பழகத்தக்க சில முறைகள் வேண்டும்.

முதலாவது, ஆளைப் பார்க்கும் முன் அளவைக் குறித்தல். நாடகத்துக்கு வேண்டியவை குரலா, உச்சரிப்பா, ஒத்திகைக்கு வரும் ஒழுங்கா என்பதை முன்னரே தாளில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், நண்பன் வந்து நின்றதும் அவனிடம் உள்ளதே தகுதியாகிவிடும்.

இரண்டாவது, பெயரை மறைத்தல். மன்றத்தின் கட்டுரைப் போட்டியில் பெயருக்குப் பதில் எண் இருந்தால், ஊரும் துறையும் நட்பும் உள்ளே நுழையா.

மூன்றாவது, ஒவ்வொரு கூற்றையும் தனியே மதித்தல். படை அதிகாரிகள் தம் கீழ் உள்ளோரை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் தார்ன்டைக் ஆராய்ந்து, 1920இல் முடிவை வெளியிட்டார். ஒரு பண்பில் உயர்ந்தவர் என்று கருதப்பட்டவருக்குத் தொடர்பில்லாத பிற பண்புகளிலும் உயர்ந்த மதிப்பே கிடைத்திருந்தது. இளைய மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் ஆராய்ச்சி மாணவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பதினும், எல்லார் தாளிலும் முதல் விடையை முடித்து, பின் இரண்டாம் விடைக்குச் செல்வது நன்று. முதல் விடையின் அழகு இரண்டாம் விடைக்கு மதிப்பெண் வாங்கித் தராது.

நான்காவது, நம் கருத்துக்கு மாறான சான்றைத் தேடுதல். 1960இல் இங்கிலாந்தின் உளவியலறிஞர் வேசன் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்னும் எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து அவ்விதியைக் காண வேண்டும். இரண்டிரண்டாகக் கூடுவதே விதி என்று எண்ணிய பலர், 8, 10, 12 போன்றவற்றையே சொல்லிச் சொல்லி உறுதி பெற்றனர். உண்மை விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பதே. 1, 2, 9 என்று ஒருமுறை கேட்டிருந்தால் திரை விலகியிருக்கும். ‘அவன் சோம்பேறி’ என்று ஒருவனைப் பற்றி முடிவு கட்டியவர், அவன் வராத நாள்களை மட்டும் எண்ணுகிறார். வந்த நாள்களையும் எண்ண வேண்டாமா?

முறை ஒன்று இருந்துவிட்டால் போதுமா என்று கேட்கலாம். இதற்கு உத்திரமேரூர் விடை கூறுகிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விளக்குகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கினர். தங்கள் மனத்தையே முழுதும் நம்பாத அறிவு அது, போற்றத்தக்கது. ஆயினும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையோர் பெயரே குடத்தினுள் செல்ல முடிந்தது. குடத்தினுள் ஓரவஞ்சனை இல்லை. குடத்தின் வாயிலில் இருந்தது!

ஆகவே, ஒவ்வொரு தேர்வின்போதும் ‘யார் பெயர் குடத்துக்குள் வரவே இல்லை?’ என்று கேட்க வேண்டும். தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசியும் எழுத்துக் கூட்டியே படிக்கும் மாணவர் நம்மிடையே உண்டு. அத்தகைய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதைச் சற்று உரிமையோடு சொல்கிறேன். மன்ற அறிவிப்பு தமிழ் எழுத்தில் மட்டும் ஒட்டப்பட்டால், அவர்கள் வரமாட்டார்கள். பின்னர் ‘அவர்களுக்குத் தமிழில் ஆர்வம் இல்லை’ என்று நாம் தீர்ப்புக் கூறுவோம். அது சான்றுள்ள தீர்ப்புப் போலவே தோன்றும். அதுதான் அதன் கொடுமை.

இப்படி எப்போதும் நம்மையே ஐயுற்றால் எந்த முடிவும் எடுக்க முடியாதே என்று அஞ்ச வேண்டியதில்லை. பிழையைக் கண்ட பெசல் விண்மீனைப் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. பிழை எவ்வளவு என்று அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி காட்டினார். நாமும் நம் சாய்வு எந்தப் பக்கம், எவ்வளவு என்று அறிந்து, அதைக் கழித்துவிட்டுத் துணிவோடு முடிவு செய்யலாம். நண்பர்களே, வரும் மன்றத் தேர்தலிலிருந்தே இதைத் தொடங்குவோம். வேட்பாளர் பெயர் வெளிவரும் முன், செயலாளருக்கு வேண்டிய தகுதிகளை ஆளுக்கு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோம்.