உயர்மலை ஏறப் போகும் பிள்ளைக்கு

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் பழைய மாணவி ஒருவர் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்போது கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள் ஐவரோடு சேர்ந்து, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, நேபாளத்தில் எவரெஸ்ட் மலையின் அடிவார முகாம் வரை நடந்து போய்வர வேண்டுமென்பது ஆசை. மகளின் கண்ணில் இருந்த வெளிச்சம் உம்மாவின் முகத்தில் இல்லை.

"டீச்சர், இவ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற புள்ள. ஐயாயிரம் மீற்றர் எண்டா எவ்வளவு உசரம்? நம்மட பாவாத மலைய விட உசரமா?"

பரீட்சைத் தாளில்கூட இவ்வளவு சரியான கேள்வியை நான் கண்டதில்லை. அன்று மேசையில் வைத்துச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சிவனொளிபாதம் என்றும் ஸ்ரீபாத என்றும் நம்மவர் பாவா ஆதம் மலை என்றும் சொல்லும் மலையின் உயரம் 2243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த இடமான பீதுருதாலகால 2524 மீற்றர். எவரெஸ்ட் அடிவார முகாம் 5364 மீற்றர். பெயர்தான் அடிவாரம், பாவாத மலையை இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அந்த அடிவாரம் எட்டாது. மலைநோய் என்பது பொதுவாக 2500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குகிறது. ஆகவே, இந்தத் தீவுக்குள் எவ்வளவுதான் ஏறி இறங்கினாலும் கால் பழகுமே தவிர, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகாது. ஆயத்தத்தை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஊரில் செய்யக்கூடியது ஒன்று, மலையில் மட்டுமே செய்யக்கூடியது மற்றொன்று.

வழிகாட்டியோடு மலையேறுவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து இங்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைக் காண வேண்டுமென்று ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டார். யாழ்ப்பாணத்து மன்னரான அவர் அப்போது புத்தளம் பக்கம் இருந்தார். மன்னர் பல்லக்கு கொடுத்தார். வருடாவருடம் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். பாதை தெரிந்தவன், சுமை தூக்குபவன், பொறுப்பு ஏற்பவன் என்று இன்று நேபாளத்தில் காணும் அதே ஏற்பாடு.

அவர் எழுதியிருப்பதில் இன்னும் பல விடயங்கள் நமக்குப் பயன்படும். மரத்திலும் புல்லிலும் இருந்து ஆளின்மேல் பாயும் அட்டையைப் பற்றிச் சொல்கிறார். ஆட்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்களாம். தெரணியகலைப் பிள்ளைகளுக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது. மலைக்குப் பாவா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள் இருந்ததையும், முன்னது கடினம், பின்னது இலகு என்பதையும், செங்குத்தான இடங்களில் பிடித்து ஏறச் சங்கிலிகள் பத்து இருந்ததையும் குறிக்கிறார். பத்தாவது சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அங்கு நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமா சொல்வாராம். உலகத்தில் பாதியைச் சுற்றிய ஒரு மனிதர் அச்சத்தை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். மலைக்குப் போகிறவர் பயத்தையும் தலைவலியையும் மறைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி காற்று. மேலே போகப் போக ஒட்சிசன் குறைகிறது என்று பலரும் சொல்வார்கள், பாதிதான் சரி. காற்றில் ஒட்சிசனின் விகிதம் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது வளிமண்டல அமுக்கம். பாவாத மலை உச்சியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு; அடிவார முகாமில் ஏறத்தாழ அரைப் பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் சுவாசப்பைக்குள் போகும் ஒட்சிசனும் அந்தக் கணக்கில் சுருங்கும்.

உடம்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. முதலில் மூச்சு விரைவாகும், நாடி கூடும். வேகமாக மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறுவதால் குருதி சற்றுக் காரத்தன்மை அடையும். அதைச் சரிசெய்யச் சிறுநீரகத்துக்குச் சில நாள் வேண்டும். மேலே போனவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிப்பது அதனால்தான். புதிய செங்குழியங்கள் போதிய அளவு உருவாக வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலையை உடம்பு தன் வேகத்தில்தான் செய்யும்; ஓட்டப் போட்டியில் முதலாவது வந்த பிள்ளைக்கும் சலுகை இல்லை. சொல்லப்போனால் அப்படிப்பட்ட பிள்ளைதான் வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுகிறாள்.

ஆகவே மலையில் செய்யவேண்டிய ஆயத்தம் முழுவதும் நாட்கணக்கில் அடங்கியிருக்கிறது. 3000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மாணவி கொண்டுவந்த பயணத் துண்டுப்பிரசுரத்தை நாங்கள் இந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். லுக்லாவில் விமானம் இறங்கி, பக்டிங் 2610, நாம்சே 3440, தெங்போச்சே 3860, டிங்போச்சே 4410, லோபுச்சே 4940, கோரக் ஷெப் 5164. நாம்சேயில் ஓய்வுநாள் இல்லை, டிங்போச்சேயிலும் இல்லை. நாம்சேயிலிருந்து நான்கே இரவில் 1724 மீற்றர்! பென்சிலால் கூட்டிக் கழித்த உம்மாதான் முதலில் நிமிர்ந்தார்: "ரெண்டு நாளக் குறைச்சுத்தான் காசக் குறைச்சிருக்காங்க."

முறையான நிரலில் நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் இருக்கும். ஓய்வுநாள் என்றால் கட்டிலில் கிடப்பதல்ல. பகலில் சில நூறு மீற்றர் மேலே ஏறி, இரவில் பழைய இடத்துக்கு இறங்கி உறங்குவது. நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது விலைக்கு முன் இந்த இரண்டு நாட்களைக் கேளுங்கள். பிறகு இதையும் கேளுங்கள்: ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் அவரோடு கீழே இறங்குவது யார்? குழுவுக்கு வழிகாட்டி ஒருவர்தான் என்றால் பதில் திருப்தியாக இராது. ஹெலிகொப்டரில் கொண்டுவரும் செலவையும் இந்த உயரத்தையும் பெயர் சொல்லி ஏற்கும் காப்புறுதி இல்லாமல் புறப்படவே வேண்டாம்.

நோயின் அடையாளங்களைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது, தொலைபேசியில் முதலில் கேட்கப்போவது அவர்கள்தானே. தலைவலி, அதனோடு குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்று. இந்த அளவில் இருந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும், மேலே போகக்கூடாது. கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், இருமலோடு நுரை வந்தால், அது சுவாசப்பையில் நீர் கோர்ப்பது. நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், அது மூளை வீக்கம். இந்த இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. இரவானாலும் உடனே இறக்க வேண்டும், தனியாக அனுப்பவும் கூடாது. மேலே வரும் எந்தச் சுகவீனத்தையும், வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்வது மலை வைத்தியர்களின் வழக்கம். "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஏறிப் போனவர்கள்தான் ஆபத்தில் விழுகிறார்கள்.

அசெற்றசோலமைட் என்ற மாத்திரை உடம்பு பழகுவதை விரைவாக்கும். விரல் நுனி விறுவிறுக்கும், சிறுநீர் கூடும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கவனம் தேவை. வைத்தியரைக் கேட்காமல் தோழியிடம் வாங்கிப் போடுவது கூடாது. உறக்கத்தில் சில விநாடி மூச்சு நின்று பின் இழுத்து மூச்சு விடுவது மேலே சாதாரணம். அறைத்தோழி பயந்து அழாமலிருக்க இதை முன்பே சொல்லி வையுங்கள்.

திரும்பி வருவதைத் தோல்வி என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அதுவரை இலங்கையர் எவரும் அங்கு நின்றதில்லை. முதலில் நின்றது ஒரு பெண். அவர் டார்ஜிலிங்கில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் முறையாகப் படித்தவர். அவரோடு புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் 8400 மீற்றர் வரை போய், உச்சி இன்னும் நானூற்றுச் சொச்சம் மீற்றர் இருக்கையில் திரும்பிவிட்டார். திரும்பியதால் 2018 மே மாதத்தில் மறுபடி போய் ஏற முடிந்தது.

இனி ஊரில் செய்யவேண்டியது. இதற்குத் தெரணியகலையைவிட நல்ல இடம் எது? குறைந்தது மூன்று நான்கு மாதம் வேண்டும். முதலில் கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடை; பிறகு தோட்டத்து ஏற்றங்களில்; பிறகு முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசி, மெல்ல மெல்ல ஆறு ஏழு கிலோ. கிழமையில் ஒருநாள் மூன்று நான்கு மணித்தியாலம் விடாமல் நடக்க வேண்டும். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. நேபாள வழிகாட்டிகள் நாள் முழுக்கச் சொல்வது "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்பதைத்தான்: மெதுவாக, மெதுவாக. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கொழுந்துக் கூடையோடு ஏறும் நம் தோட்டத்துப் பெண்களின் நடையைப் பாருங்கள். ஒரே சீர், அவசரமில்லை, நின்று நின்று ஓடுவதில்லை. அவர்களிடம் கற்க நாம் எப்போதாவது போனோமா என்பது வேறு கேள்வி.

இறக்கத்தையும் பழக வேண்டும். ஏறும்போது மூச்சுப் போகும், இறங்கும்போது முழங்கால் போகும். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால்தான் மலையிலிருந்து வந்த மறுநாள் படியில் இறங்க முடிவதில்லை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரையான பருவத்தில் பாவாத மலைக்கு ஒருமுறை போய்வந்தால் காலணி, பை, முழங்கால் மூன்றும் ஒரே நாளில் பரீட்சிக்கப்பட்டுவிடும். தெரணியகலையிலிருந்து மாலிபொட வழியாகவும் பாதை உண்டு. ஆனால் அது காட்டுப் பாதை, சனம் குறைவு. அந்த இடம் தெரிந்த ஆள் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் போகக்கூடாது. முதல் தடவைக்குப் படிகள் நிறைந்த நல்லதண்ணிப் பாதையே போதும்.

உடை பற்றிச் சுருக்கமாக. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், குளிரில் அது ஆபத்து. கம்பளி அல்லது விரைவில் உலரும் துணி நல்லது. படியில் கால் தடுக்காதபடி முழங்கால் வரையான தளர்ந்த சட்டையும் காற்சட்டையும், பர்தாவுக்கு மேல் கம்பளித் தொப்பியும் போதும். மாதவிடாய் உயரத்தில் நாள் தப்பி வரலாம். தேவையானதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். சாப்பாட்டைப் பற்றி உம்மாமார் கவலைப்பட வேண்டாம். சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும்; இறைச்சி கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து வரப்படுவதால், மேலே அதைத் தவிர்க்கும்படிதான் எல்லோருக்கும் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு குருதிப் பரிசோதனை. ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அது குறைந்த பிள்ளை அரைப் பங்கு காற்றுக்குள் போவது, ஓட்டைக் குடத்தோடு வற்றிய கிணற்றுக்குப் போவது மாதிரி. நம் பெண்பிள்ளைகளில் குருதிச்சோகை அரிதல்ல. சோம்பல் என்று நாம் ஏசுவதில் பாதி அதுவாக இருக்கலாம்.

மாடிப்படியில் மூச்சு வாங்கும் பிள்ளை என்று உம்மா சொன்னது என் மனதில் நின்றது. முதலில் இதைச் செய்யுங்கள் என்றேன். பத்துக்குச் சற்று மேலே வந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். வைத்தியர் இரும்புச்சத்து மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் போக இருந்தவர்கள் பயணத்தை ஒக்டோபருக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு ஓய்வுநாளும் உள்ள வேறு நிரலோடு. தோழிகளில் இருவருக்கு இதில் கோபம். உம்மா மட்டும் மாத்திரைக்கு நேரம் பார்த்துக் கொழும்புக்கு அழைப்பெடுக்கிறார். சனிக்கிழமைகளில் மகள் வீட்டுக்கு வந்தால், பையில் அரிசியை அவரே நிறுத்துப் போடுகிறாராம். இந்தக் கிழமை மூன்று கிலோ.