வெள்ளெழுத்து

அறிவு வளர்ச்சிக்குப் பெருந்துணையாய் விளங்குவது கண். சேய்மையில் உள்ள மலையையும், கையில் உள்ள நூலின் எழுத்தையும் அடுத்தடுத்துத் தெளிவாகக் காணும் ஆற்றல் இளமைக்கு இயல்பாக வாய்த்துள்ளது. ஆயினும், நாற்பது வயதைக் கடந்தோர் நாளிதழை எட்டப் பிடித்துப் படிப்பதையும், ஊசியில் நூல் கோக்க இளையோரை அழைப்பதையும் இல்லந்தோறும் காணலாம். இக்குறையை வெள்ளெழுத்து என்பர். சாளேசரம் என்பது இதன் மற்றொரு பெயர். நாற்பதைக் குறிக்கும் உருதுச் சொல்லின் வழிவந்தது அது.

கண்ணின் பாவைக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று உண்டு. நுண்ணிய நார்கள் அதனைச் சுற்றியுள்ள தசையோடு பிணைக்கின்றன. தொலைவில் நோக்குங்கால் தசை தளரும், நார்கள் இறுகும், வில்லை தட்டையாகும். அருகில் நோக்குங்கால் தசை சுருங்கும், நார்கள் தளரும், வில்லை தன் நெகிழ்ச்சியால் திரண்டு தடிக்கும். இவ்வாறு வில்லை வடிவு மாறுவதனாலேயே பொருளின் உருவம் விழித்திரையில் தெளிவாகப் படிகின்றது. ஆங்கில அறிஞர் தாமஸ் யங் என்பார் 1801-இல் தம் கண்ணை நீரோடு பொருத்தி ஆராய்ந்து, இம்மாற்றம் கண்ணின் முன்படலத்தில் நிகழ்வதன்று, வில்லையில் நிகழ்வதே என நிறுவினார். தசையின் செயலை 1855-இல் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

நகமும் மயிரும் வளருந்தோறும் களையப்படுகின்றன. வில்லையோ வாழ்நாள் முழுதும் வளர்ந்தும், பழைய இழைகளைக் களைய வழியற்றது. புதியன மேலே படியப் பழையன உள்ளே நெருங்கி இறுகுகின்றன. அதனால் வில்லை நெகிழ்ச்சி இழந்து, தசை முயன்றாலும் திரளாதாகின்றது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காண்பான். நாற்பத்தைந்து வயதளவில் அத்தொலைவு 25 சென்டிமீட்டராகும். அறுபதில் ஏறத்தாழ ஒரு மீட்டராக நீளும்.

வில்லை இழந்த ஆற்றலைக் குவிவில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடி ஈடுசெய்யும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய இக்கருவி, முதுமையிலும் கற்கும் பேற்றை மாந்தர்க்கு அளித்தது. கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்று அஞ்சுவார் உளர். அது பிழை. அணிந்தாலும் அணியாவிடினும் வில்லை இறுகியே தீரும். அணியாதார்க்கு இழப்பே மிகும்.

அவ்விழப்பு படிப்பளவில் நிற்பதன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது நிரம்பிய 751 தொழிலாளரிடையே நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. அவருள் ஒரு சாரார்க்குக் கண்ணாடி வழங்கப்பட்டது. அவர்களுடைய கொழுந்து பறிக்கும் திறன் ஏனையோரினும் ஐந்திலொரு பங்கிற்குமேல் உயர்ந்தது. தறியிலும் தையற்பொறியிலும் உழைப்போர்க்கும் அண்மைப் பார்வை இன்றியமையாதது. பார்வை மங்கியவரைக் கை தளர்ந்தவராகக் கருதி ஒதுக்குதல் அறியாமையாகும்.

ஆகவே, எழுத்தை எட்டப் பிடிக்கும் பெரியோரைக் கண்டு நகைத்தல் தகாது. அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே இளையோர் கடன். வேறு நோய் இருப்பினும் அங்கே வெளிப்படும். சிறு கண்ணாடி ஒன்று ஒருவர்க்குத் தொழிலையும் நூலையும் மீட்டுத் தருமாயின், அதனினும் எளிய உதவி வேறு யாதுளது?