புகை கவிந்த மாநகர்

இலண்டன் மாநகரத்தார்க்கு மூடுபனி புதியதன்று. ஆதலின், 1952 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5 ஆம் நாள் பனி கவிந்தபோது அவர்கள் அஞ்சவில்லை. பழகிய பகைக்கு யார்தான் அஞ்சுவர்? குளிர் மிகுந்தமையால் வீடுதோறும் நிலக்கரியை மிகுதியாக எரித்தனர். நிலத்தையொட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் நின்றது. எனவே, எழுந்த புகை போக வழியின்றி நகரின்மேலேயே தங்கிற்று. நண்பகலிலும் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. ஓடிய சில பேருந்துகளின் முன்னே ஒருவர் விளக்கேந்தி நடந்து வழிகாட்டினார். நாடக அரங்கினுள்ளும் புகை புகுந்து ஆட்டத்தை நிறுத்திற்று. கண்காட்சிக்குக் கொணர்ந்த கொழுத்த மாடுகள் சில மூச்சுத் திணறி மாண்டன. மனிதர் மாண்டதோ எவருக்கும் உடனே புலப்படவில்லை.

9 ஆம் நாள் காற்று வீசிப் புகை கலைந்தது. பின்னர் இறப்புப் பதிவேடுகளைக் கணக்கிட்டனர். வழக்கத்தினும் ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக இறந்திருந்தனர். அடுத்த இரு திங்களில் மிகுந்த இறப்புக்களை அரசினர் சளிக்காய்ச்சல்மேல் ஏற்றினர். அவற்றையும் சேர்த்தால் தொகை 12,000 ஆகும் என்பர் பிற்கால ஆய்வாளர்.

புகையிலுள்ள பெருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளிப்படும். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயுள்ள நுண்துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். அவற்றுள்ளும் மிக நுண்ணியவை குருதியிற் கலந்து நெஞ்சையும் தாக்கும்.

1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும் அடுப்புகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1962 டிசம்பரில் மீண்டும் அதே புகை கவிந்தது; அப்பொழுதும் சில நூற்றுவர் மாண்டனர்.